யானை வாங்கியாச்சு... பாகன் யார்?

யானையைக் கட்டித் தீனி போடுவது லேசுப்பட்ட வேலையல்ல என்பார்கள். யானை வீட்டுக்கு வருகிற அன்று தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். மறுநாள் காலையில் அதை யார் குளிப்பாட்டுவது என்ற கேள்வி வரும்போது பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வேகமான ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்!

சென்னைக்கு மேற்கே, ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கிறது சேக்காடு. சி.டி.எச். சாலை என்று எல்லோரும் சொல்லும் சென்னை - திருத்தணி நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், குறுக்கே மாடு என்று எல்லாம் உண்டு. இந்த இடத்தில் 300 குதிரைத்திறனை நெருங்கும் ஒரு கார் எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. ஆசைக்குக் காரணம் கேட்கக் கூடாது. ஆனால் அந்தக் காரைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு.

இயந்திரம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1965-ல் விஜயந்தா டாங்கி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் வெளியே வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் சத்தம் கேட்காத தெருவைத் தேட வேண்டும். கொஞ்சம் வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த ஊர் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும் வரைக்கும் சென்னையின் வேகப் பிரியர்களுக்குச் சோழவரம்தான் திருவிழா.

திருவள்ளூரின் பந்தயக் குடும்பம்

அதே சி.டி.எச். சாலையில் மேற்கே போனால் திருவள்ளூர் வரும். அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. பிறகு 2006-ல் சீடியா வந்தது. அம்பாசடர் கம்பெனியிலிருந்து இப்படி ஒரு காரா என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். இந்திய ராலிகளில் எம்.ஆர்.எஃப். அணி சீடியாவை ஓட்டியது. இந்தக் குடும்பத்தின் முரட்டு அண்ணன்தான் லான்சர் எவல்யூஷன், சுருக்கமாக 'எவோ'. உலக ராலி போட்டிக்காக 1992-ல் பிறந்தது. பின்லாந்து வீரர் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனதும் இந்த வரிசைக் கார்களில்தான்.

பத்தாவது எவோ இந்தியாவில் 2010-வாக்கில் இறக்குமதியாகி விற்பனைக்கு வந்தது. 2 லிட்டர் டர்போ இன்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, பிரெம்போ பிரேக். எண்ணிக்கையில் மிகக் குறைவு. உலக அளவிலேயே 2016-ல் எவோ உற்பத்தி முடிந்துவிட்டது. மிட்சுபிஷி கார் விற்பனையும் இந்தியாவில் மெல்ல மெல்ல நின்று போனது. திருவள்ளூர் தொழிற்சாலையில் 2021-ல் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் தயாராகத் தொடங்கியது. கட்டிடம் அதே, கார் வேறு!

இப்போது சேக்காட்டில் ஒருவர் பழைய எவோ ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் செய்த கம்பெனி ஊரில் கடையைக் காலி செய்துவிட்டது. வாரன்டி முடிந்து பல வருடம் ஆயிற்று. இனி அந்தக் காருக்கு யார் பொறுப்பு?

அவர்தான்.

அதற்காக அவர் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. பாகன் கால்நடை மருத்துவர் இல்லையே! ஆனால் யானை நேற்று எவ்வளவு தின்றது, இன்று எவ்வளவு தின்றது, எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்பது பாகனுக்குத்தான் தெரியும். அவன் சொன்னால்தான் மருத்துவருக்கு வழி கிடைக்கும். காரின் உரிமையாளர் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். அவர் காரின் சாட்சி.

நின்றாலும் நோய்

வேகமாக ஓட்டுவதால்தான் ஸ்போர்ட்ஸ் கார் கெடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடாமல் நிற்பதாலும் அது கெடும்.

வாரக்கணக்கில் நின்றால் முதலில் போவது பேட்டரி. பூட்டிக் கிடக்கும்போதும் அலாரம், கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடாமல், கார் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர், பெல்ட், வயர் பக்கம் பார்க்க வேண்டும். பத்தாவது எவோவில் பேட்டரி பானெட்டுக்குள் இல்லை, பின்னால் டிக்கியில் இருக்கிறது. எடையைப் பின்னுக்குத் தள்ள அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் பானெட்டைத் திறந்து தேடுகிறவர்களும் உண்டு!

அடுத்தது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை, டயர் புதுசு மாதிரிதான் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து ஏமாறக் கூடாது. ரப்பருக்கும் வயதாகும். ஓடாத காரின் டயர் தேய்வதற்கு முன்பே கிழவனாகிவிடும்.

மூன்றாவது பிரேக் ஆயில். இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் தரக்கட்டுப்பாட்டின்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். சுமார் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த நிலையில் 155 டிகிரி இருந்தால் போதும். வித்தியாசத்தைப் பாருங்கள்! வேகமாகப் போய் அடுத்தடுத்து பிரேக் அடிக்கும்போது சூடு ஏறும். பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வரும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. எனவே மிதி தரை வரை போகும், கார் நிற்காது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கார் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

கடைசியாக, எலி. நின்ற காரின் பானெட்டுக்குள் கதகதப்பாக இருக்கும், கடிக்க வயரும் இருக்கும். புகையிலைப் பொட்டலம் வைக்கிறவர்கள் உண்டு, நாப்தலின் உருண்டை போடுகிறவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும், இருபது முப்பது நிமிடம் காரை நன்றாகச் சூடேற ஓட்டுவதும் அதைவிட மேல்.

"என்ன சார் சரியில்ல?"

ஒர்க் ஷாப்பில் தினமும் நடக்கும் பேச்சு இது.

"அண்ணே, வண்டி சரியில்லண்ணே."

"என்ன சார் சரியில்ல?"

"தெரியலண்ணே, என்னமோ ஒரு சத்தம்."

இவ்வளவுதான் விவரம். இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் பாவம்? சந்தேகப்பட்டதை எல்லாம் மாற்றுவார். பில் ஏறும், சத்தம் மட்டும் போகாது.

அதே ஆள் இப்படிச் சொல்லியிருந்தால்? "அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது இல்ல. பத்து கிலோமீட்டர் ஓடின பிறகுதான் வருது. இடது பக்கம் திரும்பும்போது மட்டும் வருது. போன வாரம் ஒரு பள்ளத்துல இறங்கின பிறகுதான் ஆரம்பிச்சுது." பாதி வேலை முடிந்துவிட்டது!

எப்போது, எங்கே, எந்த வேகத்தில், எதற்குப் பிறகு. இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்கிறவரே நல்ல சாட்சி. ஓர் உதாரணம். டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஆவடி சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் மேல். ஓடும்போது காற்றே குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் குளிர்விக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, சிக்னலில் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது ஏறுகிறதா? அப்படியானால் அடைத்துப்போன ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கூலன்ட் அளவு என்று வேறு பக்கம் தேட வேண்டும். முள் ஒன்றுதான், நோய் இரண்டு. பிரித்துக் காட்டியது எந்தக் கருவியும் இல்லை, உரிமையாளரின் கவனம்தான். (சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.)

புகையும் பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வரும் லேசான வெள்ளைப் புகை வெறும் நீராவி. அதற்குப் பயந்து இன்ஜினைப் பிரிக்கச் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் ஞாபகத்தில் வைக்க முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், ஊற்றிய ஆயில், மாற்றிய பாகம், கேட்ட சத்தம். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று இரண்டு வருடக் கணக்கு இருந்தால், திடீரென்று அது இரண்டு மடங்கு ஆகும்போது அன்றைக்கே தெரிந்துவிடும். நோட்டு இல்லாதவருக்கு இன்ஜின் நின்ற பிறகுதான் தெரியும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

"இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லிவிடுமே?" என்று கேட்கலாம். சொல்லும், ஆனால் பாதிதான் சொல்லும்.

காரில் ஸ்கேனரைச் சொருகினால் பி0301 என்று ஒரு குறி வருகிறது. ஒன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஏன் எரியவில்லை என்று அது சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, உள்ளே அழுத்தமே குறைந்துவிட்டதா? அவசரக்காரர் நான்கையும் வாங்கி மாற்றுவார். நிதானக்காரர் பைசா செலவில்லாமல் ஒன்று செய்வார். இன்ஜினை அணைத்து, ஒன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுவார். இரண்டாவதில் இருந்ததை ஒன்றாவதில் போடுவார். பழைய குறியை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில், அதுவும் கையோடு பிடிபட்டது! மறுபடியும் பி0301 வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பழுது பார்ப்பதில் இதைவிடப் பெரிய ரகசியம் கிடையாது. இரண்டு பாகத்தைச் சேர்த்து மாற்றினால் கார் சரியாகலாம். எது கெட்டிருந்தது என்பது கடைசி வரை தெரியாது.

டர்போவுக்குத் தனிக் கவனம் வேண்டும். புகை வெளியேறும் சூட்டில், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது. அதன் பேரிங்குக்கு ஆயில்தான் உயிர். விரட்டி ஓட்டி வந்து சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தால் சூடு உள்ளேயே நின்று ஆயிலைக் கரியாக்கும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்தால் போதும். சேக்காட்டுத் தெருக்களில் அது தானாகவே நடந்துவிடும்! வேகத்தடைகளும் சில நேரம் நன்மை செய்கின்றன.

பெட்ரோலிலும் கணக்கு உண்டு. இந்த மாதிரி இன்ஜினுக்கு அதிக ஆக்டேன் வேண்டும். 2020-ல் பி.எஸ். 6 வந்தபோது சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேனாக இருந்தது. 95 அப்போது தனியாகக் கிடைத்தது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேனும் அறிமுகம் செய்தது. குறைந்த ஆக்டேன் போட்டால் நாக்கிங் வரும். கணினி அதை உணர்ந்து தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும். ரீமேப் செய்து கூடுதல் சக்தி ஏற்றிய காரில் அந்தப் பாதுகாப்புக்கான இடம் குறைந்துவிடும். பழைய காரை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. முன்பு வைத்திருந்தவர் உள்ளே என்ன மாற்றினார்?

தண்ணீர்!

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னைப் புறநகரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் தண்ணீர் ஏறும். தரையோடு தரையாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மற்ற கார்களை விட முன்னதாகவே மூழ்கும்.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை. கார் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சாவி கையில் இருக்கிறது. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே" என்று மனசு சொல்லும்.

பண்ணக் கூடாது!

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும். தண்ணீர் விட்டுக்கொடுக்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுத்தம் செய்து காய வைத்தால் பிழைத்திருக்க வேண்டிய இன்ஜின் அந்த ஒரு நொடியில் போய்விடும். வெள்ளத்தில் நனைந்தது ஒரு செலவு. சாவியைத் திருப்பியது அதைப் போலப் பல மடங்கு செலவு.

செய்ய வேண்டியது இதுதான். நிலைமை பாதுகாப்பாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். எந்த உயரம் வரை நனைந்தது என்று கறையைப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும், இன்சூரன்சுக்கும் உதவும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்து ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் நன்றாக இருந்தாலும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்காமல் இன்ஜினைச் சுழற்றக் கூடாது. எவோ போன்ற நான்கு சக்கர இழுவைக் காரை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் கூடாது, கியர் அமைப்பு கெடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரிதான் வேண்டும்.

எவோவில் இன்னொரு பலவீனம் பேர் பெற்றது. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஏ.ஒய்.சி. அமைப்பின் பம்ப், பின் சக்கரத்தின் அருகே சேறும் தண்ணீரும் படும் இடத்தில் இருக்கிறது. துருவும் ஈரமும் அதைத் தின்னும். ஒருநாள் டேஷ்போர்டில் 'ஏ.ஒய்.சி. சர்வீஸ்' எச்சரிக்கை வரும். பம்ப் விலை மனசை உடைக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அந்த இடத்துச் சேற்றைக் கழுவி, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் செலவு ஒரு வாளித் தண்ணீர்தான்.

பாகத்துக்கு எங்கே போவது?

கம்பெனி இல்லாத காருக்குப் பாகம் தேடுவது தனிக் கலை. சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கும் வரை நம்பிக்கை இழக்க வேண்டாம். கார் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பேரிங்கின் விளிம்பில் அதன் எண் பொறித்திருக்கும். ஆயில் சீலில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டுபோனால் கார் பெயரே சொல்லாமல் கடையில் கிடைக்கும் பொருட்கள் நிறைய. ரப்பர் புஷ், ஹோஸ், கிளிப் இவற்றுக்கும் மாற்று வழி உண்டு. ஆனால் பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் விஷயத்தில் "பொருந்துது சார், போட்டுடலாம்" என்பதைக் கேட்கக் கூடாது. அங்கே சரியான பாகம் வரும் வரை கார் நிற்கட்டும். அவசரம் காருக்கு இல்லை, மனிதருக்குத்தான்.

பழைய பாகத்தைக் கழற்றியதும் தூக்கி எறியாமல் வாங்கி வர வேண்டும். அதன் எண் நோட்டில் ஏற வேண்டும்.

தனியார் கார் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு தகுதிச் சோதனையோடு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2010-ல் பதிவான கார்களுக்கு 2025-ல் அந்த முறை வந்தது. ஆய்வாளர் முன்னால் நிற்கும்போது காரின் பழைய வேகம், உலகச் சாம்பியன் பட்டம் எதுவும் பேசாது. பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, புகை அளவு சரியா என்பதுதான் கேள்வி.

அந்தச் சோதனையில் தேறினால் இன்னும் 5 வருடம். அதற்குப் பிறகு வேறு யாராவது அந்தக் காரை வாங்கலாம். வாங்க வருகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பார், சக்கரத்தைப் பார்ப்பார், இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். விவரம் தெரிந்தவராக இருந்தால் அதற்கு முன்பே ஒன்று கேட்பார். "சார், சர்வீஸ் நோட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?" ஆயில் கறை படிந்த அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுக்க முடிந்தால், காரை உண்மையிலேயே வைத்திருந்தவர் அவர்தான்.